கையில் காசு, வாயில் தோசை: வாசகர் கேள்வி பதில்

இணையத்தின் வழியாக, முன்பின் அறியாதவர்களிடம் பொருள் வாங்கிய, விற்ற அனுபவங்களை எழுதும்படி சென்ற இதழில் பெங்களூர் வாசகர்களைக் கேட்டிருந்தோம். நகரின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. பணம் இழந்தவர்கள் பலர் தங்கள் பெயர் வெளிவர வேண்டாம் என்று கேட்டிருப்பதால், எல்லாக் கடிதங்களிலும் பெயரை விட்டுவிட்டுப் பகுதியை மட்டும் குறித்திருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

ஜாலஹள்ளி வாசகர்: மகள் திருமணமாகிச் சென்றபின் வீட்டில் பயனின்றிக் கிடந்த சோபாவை 14,000 ரூபாய்க்கு விற்பதாக விளம்பரம் கொடுத்தேன். பத்து நிமிடத்திற்குள் ஒருவர் அழைத்தார். விமானப்படையில் பணிபுரிவதாகச் சொல்லி அடையாள அட்டையின் படத்தையும் அனுப்பினார். விலையைக் குறைக்கச் சொல்லவே இல்லை. பணியிலிருந்து வர இயலாது, வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறேன், பணத்தை முன்னதாகவே செலுத்திவிடுகிறேன் என்றார். சோதனைக்காக என்று சொல்லி 5 ரூபாய்க்கு ஒரு கியூஆர் கோடு அனுப்பினார். அதை ஸ்கேன் செய்து, என் யுபிஐ ரகசிய எண்ணான 'பின்' எண்ணை இட்டேன். 5 ரூபாய் போய், உடனே 10 ரூபாய் வந்தது. அடுத்த கோடில் என் கணக்கிலிருந்து 14,000 ரூபாய் போய்விட்டது. ஏதோ தவறு நடந்துவிட்டது, திருப்பித் தருகிறேன் என்று இன்னொரு கோடு அனுப்பினார். மேலும் 14,000 போயிற்று. முப்பது ஆண்டுகள் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த நான் இப்படி ஏமாந்ததை மனைவியிடம்கூட மூன்று நாட்கள் சொல்லவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கக்கூடும், ஆனால் அந்த வாய்ப்பு மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும் என்பதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மோசடி நடந்தவுடன் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்தாலோ, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்தாலோ, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் செல்கிறது; அந்தக் கணக்கில் பணம் இன்னும் இருந்தால் அங்கேயே நிறுத்திவைக்கப்படுகிறது. மோசடி செய்பவர்களும் இதை அறிந்தவர்கள் என்பதால், வந்த பணத்தை விரைவாகப் பல கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பிவிடுகிறார்கள். மூன்று நாட்கள் கடந்திருந்தாலும் இன்றே 1930-ஐ அழையுங்கள். பிறகு உங்கள் பகுதிக்குரிய சைபர் குற்றக் காவல் நிலையத்திற்கு, பெங்களூரில் சி.இ.என். நிலையம் என்று சொல்வார்களே, அங்கே பரிமாற்ற எண்கள், அவருடைய தொலைபேசி எண், உரையாடல் படங்கள் ஆகியவற்றோடு சென்று எழுத்தில் புகார் கொடுங்கள். உங்கள் வங்கிக்கும் எழுதுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, வாடிக்கையாளர் தாமே பின் எண்ணை இட்டு இழந்த பணத்திற்குப் புகார் செய்யும் வரை அவரே பொறுப்பு. புகார் செய்தபின் நடக்கும் இழப்புக்கு வங்கி பொறுப்பு. ஆகையால் தாமதமான புகாரும் வீண் போகாது.

யுபிஐ முறையில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. நம் கணக்கிலிருந்து பணம் வெளியேறும்போதும், இருப்பைப் பார்க்கும்போதும்தான் அது கேட்கப்படும். கியூஆர் கோடும் அப்படியே. கடைக்காரர் மேசைமேல் வைத்திருக்கும் கோடை ஸ்கேன் செய்பவர் பணம் கொடுப்பவரே ஒழிய, வாங்குபவர் அல்லர். தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை, யுபிஐ முறையை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது; அந்த வழியில் ஏமாற்றுவது இப்போது கடினம். ஆனால் கோடை அனுப்பி, அதைப் பணம் வரும் கோடு என்று நம்பவைக்கும் தந்திரத்தை எந்த விதியாலும் தடுக்க முடியாது.

உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் என் மனம் நின்றது. அவர் விலையைக் குறைக்கச் சொல்லவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சோபாவின் நீளம் என்ன, எத்தனை ஆண்டுகள் ஆயிற்று, உங்கள் மாடிப்படியில் இறக்க முடியுமா என்றும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை. சென்ற ஆண்டு எங்கள் வீட்டுத் தையல் இயந்திரத்தை விற்க விளம்பரம் கொடுத்தேன். அதை வாங்க வந்த பெண்மணி தம் பையிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்து, நூல் கோத்து, ஒரு சாண் நீளம் தைத்துப் பார்த்து, அடித்தையல் தளர்வாக விழுகிறது என்று காட்டி 300 ரூபாய் குறைக்கச் சொன்னார். பொருள் வேண்டும் என்பவர் பொருளைப் பற்றிக் கேட்பார், குறை சொல்வார், பேரம் பேசுவார். அவருக்கு உங்கள் சோபா வேண்டியிருக்கவில்லை. சீருடையின் மீது நமக்கு இருக்கும் மதிப்பை இவர்கள் திட்டமிட்டுப் பயன்படுத்துகிறார்கள். படமாக வரும் அடையாள அட்டை எதற்கும் சான்றாகாது.

இரண்டாவது, அந்த மூன்று நாட்கள். கணக்குத் தெரியாததால் நீங்கள் ஏமாறவில்லை. நிதானிக்க இடம் தராமல் அவர் உங்களை விரட்டினார், நீங்கள் ஓடினீர்கள். இதில் வெட்கப்பட வேண்டியவர் அவர். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லியிருந்தால், அவரே 1930-ஐ அழைத்திருப்பார். இனி எதை விற்றாலும் நம் பாட்டிமார் சொன்ன 'கையில் காசு, வாயில் தோசை' என்ற முறையை விடாதீர்கள். வாங்குபவர் நேரில் வந்து, பொருளைப் பார்த்து, உங்கள் எதிரில் பணம் செலுத்தி, அது உங்கள் வங்கிக் கணக்கில் வந்துவிட்டதை நீங்களே செயலியைத் திறந்து பார்த்தபின் பொருள் கை மாறட்டும். அவர் காட்டும் திரையையும், உங்களுக்கு வரும் குறுஞ்செய்தியையும் நம்ப வேண்டாம். இரண்டையும் போலியாக உருவாக்க முடியும்.

விவேக் நகர் வாசகி: என் கேமராவை 32,000 ரூபாய்க்கு ஓர் இளைஞருக்கு விற்றேன். அவர் வீட்டுக்கு வந்து சோதித்துப் பார்த்தார். பணத்தைத் தம் நண்பர் அனுப்புவதாகச் சொன்னார். யாரோ ஒருவருடைய கணக்கிலிருந்து முழுத் தொகையும் வந்தது. இரண்டு மாதங்களுக்குப் பின் என் வங்கிக் கணக்கே முடக்கப்பட்டது. வேறு மாநிலத்தில் பதிவான சைபர் புகாரில் அந்தப் பணம் சம்பந்தப்பட்டிருப்பதாக வங்கியில் சொல்கிறார்கள். பொருளுக்கு வாங்கிய பணம் எப்படிக் குற்றமாகும்?

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. முதல் கடிதத்தில் பணம் பறிகொடுத்தவரைப் போன்ற ஒருவரின் புகார்தான் பெரும்பாலும் இதற்குப் பின்னால் இருக்கும். திருடிய பணத்தைப் பொருளாக மாற்றிக்கொள்வதற்கு உங்கள் கேமரா பயன்பட்டிருக்கலாம். புகார் பதிவானதும் அந்தப் பணம் கடந்துசென்ற கணக்குகள் ஒவ்வொன்றும் தேடப்பட்டு நிறுத்தப்படுகின்றன. வழியில் நேர்மையாகப் பொருள் விற்றவரும் சிக்கிக்கொள்கிறார். குற்றத்தோடு தொடர்புடையதாகச் சந்தேகிக்கப்படும் சொத்தைக் கைப்பற்றும் அதிகாரத்தை, குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு காவல்துறைக்கு அளிக்கிறது.

எந்தக் காவல் நிலையம், என்ன புகார் எண், எவ்வளவு தொகை என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேமராவை நீங்கள் வாங்கிய ரசீது, விளம்பரத்தின் படம், அந்த இளைஞரோடு நடந்த உரையாடல், அவருடைய எண் எல்லாவற்றையும் இணைத்து விசாரணை அதிகாரிக்கும், நகலை வங்கிக்கும் அனுப்புங்கள். முழுக் கணக்கையும் முடக்காமல் சர்ச்சைக்குரிய 32,000 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்து, மீதியைப் பயன்படுத்த அனுமதிக்கும்படி கேளுங்கள். இத்தகைய வழக்குகளில் உயர் நீதிமன்றங்கள் பலமுறை அப்படி உத்தரவிட்டுள்ளன. அதிகாரி பதில் தராவிட்டால் வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொருளை எடுத்துச் செல்பவரின் பெயரும் பணம் அனுப்பும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவ்வாறு இல்லையென்றால் விற்காமல் இருப்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. ஒரு தாளில் பொருளின் பெயர், வரிசை எண், தேதி, தொகை ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

கிருஷ்ணராஜபுரம் வாசகர்: கிருஷ்ணகிரியில் பதிவான என் ஸ்கூட்டரைப் பெங்களூரிலேயே இணைய விளம்பரத்தின் மூலம் ஒருவருக்கு விற்றேன். பெயர் மாற்றத்திற்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, ஆர்சி புத்தகத்தையும் கொடுத்துவிட்டேன். எட்டு மாதமாகியும் அவர் பெயர் மாற்றிக்கொள்ளவில்லை. தலைக்கவசம் அணியாததற்கும் சிக்னலைத் தாண்டியதற்கும் அபராதச் செய்திகள் என் தொலைபேசிக்கே வருகின்றன. இப்போது அவர் என் அழைப்பை எடுப்பதில்லை.

பதில்: அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இதில் இருப்பதால் இன்றே செயல்படுங்கள். அந்த வண்டி யார்மீதாவது மோதினால், இழப்பீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பதிவேட்டில் பெயர் உள்ளவரே என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. அந்த வழக்கிலும் வண்டி ஒருவரிடமிருந்து ஒருவராகப் பல கைகள் மாறியிருந்தது. பதிவு மட்டும் முதல் உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. விற்று, பணம் வாங்கி, சாவியைக் கொடுத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நாம் நினைப்பதைச் சட்டம் ஏற்பதில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு, வண்டியை விற்றவரும் தம் பங்குக்கு ஆர்டிஓ அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது; அதே மாநிலத்திற்குள் விற்றால் அதற்கு 14 நாள் அவகாசம். வாங்கியவருக்கு 30 நாள். படிவம் 29 என்பதே விற்றவர் கொடுக்க வேண்டிய அறிவிப்பு. அதை வாங்கியவர் கையில் கொடுத்து அவரே தாக்கல் செய்வார் என்று விட்டுவிடுவது நம்மவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. உங்கள் வண்டிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது தமிழ்நாட்டுப் பதிவு. 12 மாதங்களுக்கு மேல் கர்நாடகத்தில் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குக் கிருஷ்ணகிரி அலுவலகத்திலிருந்து படிவம் 28-இன்படி என்ஓசி எனும் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். வாங்கியவர் பெயர் மாற்றாமல் தள்ளிப்போடுவதற்கு அந்த வரிச் செலவே காரணமாக இருக்கலாம்.

விற்ற தேதி, வாங்கியவரின் பெயர், முகவரி, அவருடைய அடையாள அட்டையின் நகல், பணம் வந்த விவரம் ஆகியவற்றோடு கிருஷ்ணகிரி அலுவலகத்திற்குப் பதிவுத் தபாலில் எழுதி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான சான்றைக் கேளுங்கள். அபராதச் செய்திகளோடு வரும் புகைப்படங்களைச் சேமித்து வையுங்கள். வண்டியை ஓட்டுபவர் வேறொருவர் என்பதற்கு அவை உதவும். வண்டிக்குக் காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்பதையும் உடனே பாருங்கள். முடிந்தால் அந்த மனிதரின் வீட்டுக்கு ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு நேரில் சென்று பேசுங்கள். அதட்டலுக்கு மசியாதவர்கள் பலர், வரித் தொகையில் ஒரு பங்கை ஏற்கிறேன் என்ற பேச்சுக்கு இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் செலவு உங்கள் நிம்மதிக்குக் கொடுக்கும் விலை.

வெளிமாநிலப் பதிவுள்ள வண்டியை இனி விற்க நினைப்பவர்கள், என்ஓசியை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு விளம்பரம் கொடுங்கள். வங்கிக் கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்ற விண்ணப்பம் அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் ஏறிய பிறகே சாவி கை மாறட்டும். வண்டியை ஒப்படைக்கும் தாளில் தேதியோடு மணியையும் நிமிடத்தையும் எழுதுங்கள். அன்று மாலையே விபத்து நடந்தாலும், வண்டி அப்போது உங்கள் கையில் இல்லை என்று காட்ட அந்த ஒரு வரி உதவும்.

ஸ்ரீராமபுரம் வாசகர்: பழைய கைப்பேசி ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. ரசீது தொலைந்துவிட்டது என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: ரசீது இல்லாமல் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. இருந்தாலும் பார்க்கச் செல்வதானால், கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தக் கைப்பேசிக்கே உரிய அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். திருட்டுப் போனதாக முடக்கப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். திருட்டுப் பொருளை விலை கொடுத்து வாங்கினாலும் அது உங்கள் உடைமை ஆகாது. தெரிந்தே வாங்கினால் குற்றமும் ஆகும். விற்பவர் தம் கணக்கை உங்கள் எதிரிலேயே நீக்கி, கைப்பேசியை முழுவதுமாக அழித்துத் தரட்டும். அவருடைய கணக்குப் பூட்டு இருந்தால் நீங்கள் எடுத்துச் செல்வது வெறும் கண்ணாடித் தகடு.

பிரேசர் டவுன் வாசகி: சமூக ஊடகத்தில் சேலை விற்கும் ஒருவரிடம் காஞ்சிப் பட்டு என்று 9,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வந்தது செயற்கை இழை கலந்த சேலை. "திருப்பி எடுப்பதில்லை என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறோம்" என்கிறார்.

பதில்: அவர் அப்படிப் போட்டிருப்பதால் உங்கள் உரிமை போய்விடாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. தொடர்ந்து வியாபாரமாக விற்பவர்களுக்கே இந்த விதிகள் பொருந்தும். உங்கள் பக்கத்துத் தெருக்காரர் தம் வீட்டு மிக்ஸியை ஒருமுறை விற்றால் பொருந்தாது. ஆகவேதான், தனியாரிடம் வாங்கும்போது கடையில் வாங்குவதைவிட இரு மடங்கு கண் விழித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு விற்றவர் தினமும் சேலை விற்பவர்; தப்பிக்க இயலாது.

அவருக்கு எழுத்தில் ஒரு வாரம் கெடு கொடுத்துவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ருதி தளத்தின் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் பெங்களூரிலேயே மனுச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. பட்டு என்று அவர் எழுதிய வரிகளின் படத்தை இப்போதே எடுத்து வையுங்கள். நாளை அது நீக்கப்படலாம்.

எலெக்ட்ரானிக் சிட்டி வாசகர், சேலத்திலிருந்து புதிதாக வந்தவர்: வாடகை வீட்டைப் பார்க்க 'கேட் பாஸ்' கட்டணம் 2,500 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். திருப்பித் தருவார்களாம்.

பதில்: கட்டாதீர்கள். வீட்டைக் கண்ணால் பார்த்து, உரிமையாளரைச் சந்தித்து, மின் கட்டண ரசீதில் அவர் பெயரைச் சரிபார்க்கும் வரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். இந்த ஊரில் பல மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது பழைய வழக்கம் என்பதால், பெரிய தொகை கேட்டாலும் நாம் சந்தேகப்படுவதில்லை. மோசடிக்காரர்களுக்கு அதுவே வசதியாகிவிடுகிறது.

மல்லேஸ்வரம் வாசகி: அம்மா வாசித்த தஞ்சாவூர் வீணையை, அவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், மனம் கல்லாக்கிக்கொண்டு 40,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்தேன். மாண்டியாவிலிருந்து ஒரு கன்னடக் குடும்பம் பன்னிரண்டு வயது மகளோடு வந்தது. விலை பேசத் தொடங்கும் முன் அந்தப் பெண் கீழே உட்கார்ந்து சுருதி சேர்த்து வரிசைகளை வாசித்தாள். ஆறு ஆண்டுகளாக அந்த ஒலி எங்கள் வீட்டில் இல்லை. 30,000 ரூபாய்க்கே கொடுத்துவிட்டேன். முகம் தெரியாதவர்களுக்கு ஏன் 10,000 ரூபாயை விட்டுக்கொடுத்தாய் என்று மகன் கடிந்துகொள்கிறான். நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை, அம்மா. இந்த இதழில் உங்கள் கடிதத்தையும் சேர்க்க வேண்டும் என்று நான் விரும்பியதற்குக் காரணம், முதல் கடிதத்தில் சோபா வாங்குவதாகச் சொல்லி ஏமாற்றிய மனிதரோடு இந்தக் குடும்பத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான். கடிதத்தின் மற்றொரு பகுதியில், அந்தத் தந்தை வீணை ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணையா, ஒட்டு வீணையா என்று கேட்டதாகவும், குடத்தைத் தட்டிப் பார்த்ததாகவும், வீணைத் தண்டின்மேல் மெழுகில் பதித்திருக்கும் மெட்டுகளில் மெழுகு உதிர்ந்திருந்த இரண்டைக் காட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 24 மெட்டுகளையும் புது மெழுகில் மறுபடி அமைப்பதற்கு அவர் பணம் செலவழிக்க வேண்டியிருக்கும். நீங்கள் குறைத்த தொகையில் ஒரு பங்கு அதற்கே போகும் என்று மகனிடம் சொல்லுங்கள். மீதியை யாரும் உங்களிடமிருந்து பறிக்கவில்லை; நீங்கள் கேட்டு, பார்த்து, முடிவு செய்து கொடுத்தீர்கள். உங்கள் அம்மா இருந்திருந்தால் அந்தப் பெண்ணிடம் என்ன விலை சொல்லியிருப்பார் என்பதை நீங்களே அறிவீர்கள்.

அந்தக் குடும்பத்தின் எண் உங்களிடம் இருப்பதால் ஒரு செய்தி மட்டும் அனுப்பிவையுங்கள். மெட்டுகள் பதிந்திருக்கும் மெழுகு வெயில் சூட்டில் இளகிவிடும். பாட்டு வகுப்புக்குப் போகும் வழியில், வெயிலில் நிறுத்திய காருக்குள் வீணையை வைத்துவிட்டு இறங்கக் கூடாது.